பீஜகோசம்

கழக்கூட்டம்,
6 ஜூன் 2024

அம்மா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. இங்கே யாரும் நலமாக இல்லை. அங்கே நீயும் இருக்க மாட்டாய்.

நீ கல்லிடைக்குறிச்சிக்குப் போய் ஒரு வாரமாகிறது. நான் கூப்பிட்டால், "இங்க எல்லாரும் இருக்கா, அப்பறம் பேசு" என்று வைத்துவிடுகிறாய். ப்ரியா கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாமென்றால் நீ அதை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பாய். மாமாவும் மாமியும் கூட உட்கார்ந்து கேட்பார்கள். அதனால்தான் காகிதம். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து நீ சொல்லிக் கொடுத்தது. பிழை இருந்தால் உன்னையே திட்டிக்கொள்.

நடந்ததை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். ப்ரியாவுக்குப் பத்தொன்பது வயதாகியும் மாதவிலக்கு வரவில்லை. நீ நேர்ச்சை நேர்ந்தாய், லேகியம் வாங்கினாய். நான் ஸ்கேன் எடுக்க இழுத்துக்கொண்டு போனேன். இடது பக்கத்தில் ஒரு கட்டி தெரிந்தது. ரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் ஹரிகுமார் நம் மூன்று பேரையும் உட்கார வைத்து மலையாளத்தில் விளக்கினார். அவர் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ எழுந்து, "நான் கிளம்பறேன்" என்றாய். ப்ரியா உன் புடவையைப் பிடித்தாள். நீ அவள் கையை எடுத்துவிட்டாய். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், அன்று சாயங்காலமே ஊருக்குக் கிளம்பிவிட்டாய்.

அந்தக் கையை எடுத்துவிட்டதுதான் எனக்குப் புரியவில்லை. மகளுக்குக் கட்டி என்றால் அம்மாக்கள் அழுவார்கள், மயக்கம் போடுவார்கள். கோபித்துக்கொள்ளும் அம்மாவை நான் கேள்விப்பட்டதில்லை.

நீ போனபிறகும் டாக்டர் நிறையச் சொன்னார். அதையெல்லாம் எழுதினால் நீ படிப்பாயா என்று தெரியவில்லை, அதனால் சுருக்கம்: 19ஆம் தேதி ஆபரேஷன். ப்ரியா இப்போது என் ஃப்ளாட்டில் இருக்கிறாள். தினமும் ஒரே கேள்விதான் கேட்கிறாள், "அம்மா வருவாளா?" நான் ஆஸ்பத்திரி லேபுகளில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். மெஷின் ஏன் நின்றது என்று கேட்டால் பதில் சொல்வேன். இந்தக் கேள்விக்கு நீதான் பதில் சொல்லவேண்டும்.

என்ன கோபம் என்று எழுது. சுற்றி வளைக்காதே.

ஸ்ரீகண்டன்


கல்லிடைக்குறிச்சி,
10 ஜூன் 2024

கண்டனுக்கு,

ஆசீர்வாதம் என்று எழுதாமல் கடிதம் தொடங்கிப் பழக்கமில்லை. இருந்தாலும் உன் கடிதத்தின் தொனிக்கு அது பொருந்தாது என்று விட்டுவிட்டேன்.

என் கோபம் உன்மேல் இல்லை. நீ வெகுளி. உனக்கு எல்லாமே ஸ்க்ரூ கழற்றி மாட்டுகிற சமாசாரம்.

டாக்டர் சொன்னது உன் காதில் எப்படி விழுந்ததோ தெரியாது. என் காதில் நன்றாகவே விழுந்தது. ஸ்கூல் ஆபீசில் இருபத்தேழு வருஷமாக மலையாளத்தில் ஃபைல் எழுதுகிறவள் நான். தினமும் மலையாளப் பத்திரிகையைக் கடைசிப் பக்கம்வரை வாசிக்கிறவள். அவர் சொன்ன வார்த்தைக்கு எனக்கு அகராதி வேண்டாம். பெரிய மனுஷர், கொஞ்சமும் கூச்சமில்லாமல், உன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். அந்த நாற்காலியில் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்?

உன் அப்பா போனபிறகு உங்கள் இரண்டு பேரையும் தனியாக வளர்த்தேன். தெருவில் ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளை எங்கேயாவது கட்டுப்படுத்தினேனா? காலேஜ், டூர், என்.எஸ்.எஸ். கேம்ப், எதற்கும் வேண்டாமென்று சொன்னதில்லை. அதற்கு இதுதான் பலனா?

அவன் யார் என்று அவளைக் கேள். அந்த வித்துரா ஊர்ப் பையன் பிரவின்ராஜா? பைக்கில் கொண்டுவந்து தெருமுனையில் விட்டானே, அவனா? பேர் மட்டும் எழுது, போதும். பேர் தெரியாமல் நான் அங்கே வருவதாக இல்லை.

அண்ணாவிடமும் மன்னியிடமும் எதுவும் சொல்லவில்லை. லீவில் வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். ஃபோன் பண்ணாதே. இந்த வீட்டில் சுவருக்கெல்லாம் மன்னியின் காது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அவளுக்கும் போடு.

அம்மா


கழக்கூட்டம்,
14 ஜூன் 2024

அம்மா,

உன் கடிதத்தை நான் பிரிக்கவில்லை. நான் வேலைக்குப் போயிருந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் ப்ரியா, தனக்குத்தான் ஏதோ எழுதியிருக்கிறாய் என்று ஆசையாகப் பிரித்துவிட்டாள்.

நான் வரும்போது அது மேஜைமேல் கிடந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "எவனாம்? அண்ணா, நீயும் கேட்டோ. எவனாம்?" என்றாள். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து 19ஆம் தேதியை ரத்து செய்துவிட்டாள். நான் கத்தினேன். "அம்மா என் மொகத்தப் பாத்துக் கேக்கட்டும். அதுக்கு முன்னாடி நான் டேபிள்ல ஏற மாட்டேன். நீ சும்மா இரி," என்றாள். மேஜர் ஆன பெண். சம்மதக் கையெழுத்து அவளுடையது. என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு, சர்வீஸ் கால் போகும்போது கஸ்டமர் சொல்வதையெல்லாம் ஃபோனில் பதிவு செய்வேன். டாக்டரிடமும் அப்படித்தான் செய்திருந்தேன். உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் போட்டுக் கேட்டேன். நீ நாற்காலியைத் தள்ளுகிற சத்தத்துக்கு முன்னால் அவர் சொன்ன கடைசி வாக்கியம் இது: "இது பீஜகோசத்தில் நிந்நு உண்டாய முழயாணு."

பீஜம். பத்திரிகையில் பலாத்கார வழக்குச் செய்தியில் வருமே, துணியில் பீஜம் கண்டெத்தி என்று, அந்த பீஜம் என்று நினைத்துவிட்டாய். ஆண்பிள்ளையின் விந்திலிருந்து உண்டான கட்டி என்று எடுத்துக்கொண்டாய். அப்படித்தானே?

அம்மா, வயதுக்கே வராத பெண்ணைப் பற்றி, ஒரு வார்த்தையின் பாதியைக் கேட்டுவிட்டு எழுந்து போனாய். மீதிப் பாதி 'கோசம்'. கோசம் என்றால் செல். இரண்டும் சேர்ந்தால் அர்த்தமே வேறு. மாமி பிரித்துப் படிக்காமலிருக்க இந்தக் கடிதத்தை மலையாளத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். மலையாளத்தில் கேட்டுத்தான் இவ்வளவும் வந்தது. தமிழிலேயே எழுதுகிறேன், மாமியும் தெரிந்துகொள்ளட்டும்.

கட்டி எங்கேயிருந்து வந்தது என்பதுதானே உன் கேள்வி. நான் மெஷின் பார்க்கும் லேபில் டாக்டர் சபீனா இருக்கிறார். எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று சொல்வது அவர் வேலை. அவரிடம் போய், "டாக்டரே, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள், என் அம்மாவுக்கு எழுதவேண்டும்," என்றேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. ப்ரியா உன் வயிற்றில் ஒரு மாதக் கருவாக இருந்தபோதே, சில செல்களை உடம்பு தனியாக ஒதுக்கி வைத்துவிட்டது. பிற்காலத்தில் முட்டையாகவோ விந்தாகவோ ஆகவேண்டிய செல்கள். எனக்கும் அப்படி ஒதுக்கிவைத்தது, உனக்கும், மாமிக்கும். டாக்டர் பீஜகோசம் என்றது இவற்றைத்தான். இவை பிறக்கிற இடம் ஒன்று, இருக்கவேண்டிய இடம் ஒன்று. கருவின் குடல் ஓரமாக நகர்ந்து நகர்ந்து, முதுகுப்பக்கம் உள்ள ஒரு சின்ன மேட்டுக்கு வந்து சேரும். அந்த மேடு ஆண் குழந்தைக்கு விரையாகும், பெண் குழந்தைக்குச் சினைப்பையாகும்.

ப்ரியாவுக்கு அந்தச் செல்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தன. மேடுதான் எதுவாகவும் ஆகவில்லை. வெறும் நார்ப்பட்டையாக நின்றுவிட்டது. சுற்றியிருக்கிற செல்கள்தான் இவற்றுக்கு, பெருகியது போதும், முதிர்ந்துகொள் என்று சொல்ல வேண்டியவை. சொல்ல அங்கே ஆளில்லை. அப்படி விடப்பட்டவற்றில் முக்கால்வாசி தானாகச் செத்துவிடும். சில சாகாது. முதிரவும் முதிராது. ஒரு மாதக் கருவில் எப்படி இருந்ததோ அப்படியே பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருக்கும். கருக்காலத்தோடு அணைந்துபோக வேண்டிய ஒரு புரதம் அவற்றுக்குள் அணையாமல் இருக்கும். ஸ்லைடில் சாயம் ஏற்றினால் அது பழுப்பாகத் தெரியும். அந்தச் சாயம் ஏற்றும் மெஷினை மாதாமாதம் நான்தான் கழுவி வைக்கிறேன். அந்தப் பழுப்பு என்னவென்று இத்தனை நாள் நான் கேட்டதில்லை. அப்படிப்பட்ட செல்கள் ஒருநாள் பெருக ஆரம்பிக்கும். கட்டி அதுதான்.

இதில் எவன் வந்தான்? பிரவின்ராஜ் அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டது ஹர்த்தால் அன்று. பஸ் இல்லை. தெருமுனையில் விட்டது, தெருவுக்குள் வந்தால் நீ ஏதாவது நினைப்பாய் என்று பயந்து.

ஹரிகுமார் டாக்டர் சொல்வது: இப்போது எடுத்தால் அநேகமாக முழுக்கக் குணமாகிவிடும். இந்த ஜாதிக் கட்டி வேகமாக வளரும், பரவிவிட்டால் மருந்து ஏற்றிப் போராட வேண்டியிருக்கும். நீங்கள் இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அது வளர்கிறது.

ஸ்ரீகண்டன்


கல்லிடைக்குறிச்சி,
19 ஜூன் 2024

கண்டா,

உன் கடிதத்தைப் பூஜை ரூமில் வைத்து வாசித்தேன். அங்கேதான் மன்னி வரமாட்டாள், முட்டி மடக்கி உட்கார முடியாது அவளுக்கு.

என்ன எழுதுவது. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இன்றைக்கு அவளுக்கு ஆபரேஷன் நடந்திருக்க வேண்டிய நாள். காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

நீ எழுதியதில் எனக்கு ஒன்றுதான் மனதில் நிற்கிறது. என் வயிற்றில் இருந்தபோது நடந்தது என்கிறாய். அப்படியென்றால் நான் ஏதோ செய்யக்கூடாததைச் செய்திருக்கிறேன். அந்த மாதம் எனக்கு ஜுரம் வந்தது. மாத்திரை சாப்பிட்டேன். அதுவா? பொய் சொல்லாமல் எழுது. அந்த டாக்டரம்மாவைக் கேட்டு எழுது.

ப்ரியாவிடம் நீ பக்குவமாகச் சொல்லிவிடு. அம்மா தப்பாகப் புரிந்துகொண்டாள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். நீ சொன்னால் கேட்பாள்.

இன்னும் இரண்டு விஷயம். மன்னி குடைந்து குடைந்து கேட்டதில், ப்ரியாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லிவிட்டேன். நீயும் யாராவது கேட்டால் அதையே சொல்லு. ஹெர்னியா என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். நாளைக்கு அவளுக்கு ஒரு வரன் பார்க்கவேண்டாமா?

அடுத்தது, கட்டி இடது பக்கத்தில்தானே. வலது பக்கம் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றுதான் என் ஞாபகம். அதை எடுக்கவேண்டாமென்று டாக்டரிடம் சொல். ஒரு பக்கமாவது இருக்கட்டும். பெண்ணாகப் பிறந்தவளுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி? ஒரு பக்கம் இருந்தாலே குழந்தை பிறந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஸ்கூல் ஆபீசிலேயே உலகம்மாளுக்கு அப்படித்தான்.

இதற்கு அவர் ஒத்துக்கொண்டார் என்று எழுது. நான் வருகிறேன்.

அம்மா


கழக்கூட்டம்,
23 ஜூன் 2024

அம்மா,

பக்குவமாகச் சொல்லமாட்டேன். எனக்கு அது வராது, வந்தாலும் செய்யமாட்டேன். நீ சந்தேகப்பட்டது என்னையல்ல. உன் மன்னிப்பை நான் சுமந்துகொண்டு போய் அவளிடம் டெலிவரி செய்வதாக இல்லை.

உன் கடிதத்தை இந்தத் தடவை அவளுக்கு நானே வாசித்துக் காட்டினேன். ஹெர்னியா வரைக்கும்தான் கேட்டாள். "மதி, வாசிச்சது போதும்," என்று எழுந்து போனாள். ராத்திரிச் சாப்பாடு வேண்டாமென்றாள். கட்டி இருக்கிற பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு படுக்கிறாள் இப்போதெல்லாம். வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறாள்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன்.

ஜுரம், மாத்திரை எதுவும் இல்லை. சபீனா டாக்டரிடம் கேட்டேன். "அம்மையோடு பறயூ, அவர் ஒந்நும் செய்திட்டில்ல," என்றார். நீ ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பழியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அழாதே, அதற்கு இப்போது நேரமில்லை.

வலது பக்கம் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பது சரிதான். அங்கே ஒன்றுமே இல்லை. சினைப்பையும் இல்லை, முட்டையும் இல்லை. அங்கேயும் அதே நார்ப்பட்டைதான். உலகம்மாளுக்கு ஒரு நல்ல சினைப்பை மிஞ்சியது. இவளுக்கு மிஞ்ச எதுவுமில்லை. விட்டுவைத்தால் இடது பக்கம் செய்ததை அதுவும் செய்யும். ஏன் செய்யும் என்பதை நீ எழுந்து போனபிறகுதான் டாக்டர் சொன்னார். ப்ரியாவிடம் கேட்டேன், அம்மாவிடம் நீ சொல்கிறாயா, நான் எழுதவா என்று. "நீயே எழுது. ஆனா கொழகொழன்னு எழுதாதே. நேரா எழுது," என்றாள். நேராக எழுதுகிறேன்.

ப்ரியாவின் குரோமோசோம் XY. ஆண்களுக்கு இருக்கிற மாதிரி.

உட்கார்ந்துகொள். முழுக்கப் படி. இந்தத் தடவையாவது பாதியில் எழுந்து போகாதே.

Y இருந்தாலும், அந்த மேட்டை விரையாக மாற்றும் கட்டளை அவளுக்கு வேலை செய்யவில்லை. அந்தக் கட்டளை இல்லாவிட்டால் உடம்பு பெண்ணாகத்தான் வளரும். வளர்ந்தது. கர்ப்பப்பை இருக்கிறது, சின்னதாக. அதை யாரும் எடுக்கப் போவதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரை கொடுப்பார்கள், நீ லேகியம் வாங்கிக் காத்திருந்த மாதவிலக்கு அதில் வரும். இன்னொருவர் முட்டையை வைத்துக் குழந்தைகூடப் பெறலாமாம், அவளுக்கு வேண்டுமென்றால். அந்த Y-யில் ஒரு ஜீன் இருக்கிறது. விரைக்குள் அதற்கு ஒழுங்கான வேலை உண்டு. இங்கே விரையும் இல்லை, வேலையும் இல்லை. முதிராமல் நிற்கிற செல்களைப் பெருகு, பெருகு என்று தூண்டிவிட்டுக்கொண்டே இருக்கிறது. அது இரண்டு பக்கமும் இருக்கிறது. அதனால் இரண்டு பக்கமும் எடுக்கவேண்டும். டாக்டரிடம் பேரம் பேச நான் போகமாட்டேன்.

இதைக் கேட்ட அன்று ப்ரியா லிஃப்டில் என்னிடம் சொன்னது: "அண்ணா, நேத்திக்கு நான் யாரோ அதே ஆள்தானே இன்னிக்கும்?" ஆமாம் என்றேன். "அப்போ அம்மா எந்தினா, ஏன் போனா?" என்றாள். டாக்டர் சொல்லுமுன்பே நீ ஊகித்துவிட்டாய், இதற்காகத்தான் போனாய் என்று உன் கடிதம் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள். தான் பெண்ணில்லை என்று அம்மா விட்டுவிட்டுப் போனாள் என்று. வந்த கடிதத்திலோ 'அவன் யார்'. எது மேல் என்று அவளையே கேட்டுக்கொள்.

ஹெர்னியா என்று நான் சொல்லமாட்டேன். அவளுக்கு வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. வெட்கப்படுகிறவர்கள் அவரவர் வீட்டில் பட்டுக்கொள்ளட்டும்.

ஸ்ரீகண்டன்


கல்லிடைக்குறிச்சி,
27 ஜூன் 2024

கண்டா,

ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், இந்தக் கடிதத்தை ப்ரியா கையில் கொடு. நீ வாசித்துக் காட்டாதே. நடுவில் வியாக்கியானம் செய்வாய்.

உன் கடிதம் வந்தபோது எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தபால்காரரிடம் மன்னிதான் வாங்கினாள். "ஹெர்னியா எப்படி இருக்காம்?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தாள். கையைக் கழுவிவிட்டு அங்கேயே நின்று படித்தேன். XY என்ற இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிடத்தான் தோன்றியது, மறைக்கவில்லை. ஆனால் பாதியில் விட்டுவிட்டுப் போகவில்லை. இரண்டு தடவை படித்தேன். லிஃப்டில் அவள் கேட்டதை மூன்றாவது தடவை படித்தேன்.

பிறகு அண்ணாவிடமும் மன்னியிடமும் சொன்னேன். "ஹெர்னியா இல்லை. ப்ரியாவுக்குச் சினைப்பை வளரவே இல்லை. அதுல கட்டி வந்திருக்கு. எடுக்கணும். அவளுக்கு XY குரோமோசோம்."

அண்ணா இலையைப் பார்த்துக்கொண்டே, "மெதுவாப் பேசுடி. வெளில போனா நன்னாவா இருக்கும்? எங்காத்துலயும் ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கறது," என்றான்.

மன்னி, "அப்போ அவ பொண்ணா, இல்லே..." என்று இழுத்தாள்.

"பொண்ணுதான் மன்னி. போன தீபாவளிக்கு அவளுக்குப் பாவாடை தாவணி எடுத்துக் குடுத்தேளே, டெஸ்ட் பண்ணிட்டா குடுத்தேள்?" என்று கேட்டேன்.

"ஒன்னைச் சொல்லலைடி, ஊர் என்ன சொல்லும்னு..." என்றாள்.

"ஊர் சொல்லட்டும். நான் சொன்னதைவிடவா கேவலமாச் சொல்லிடப் போறது?" என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. புரியவேண்டியது அவர்களுக்கு இல்லை.

ப்ரியா, இது உனக்கு. உன் கையை நான் எடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை காதில் விழுந்ததும், உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பத்திரிகைக்காரன் எழுதுகிற அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். டாக்டர் இன்னும் ஒரு வரி விளக்கமாகச் சொல்லியிருக்கலாம், அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. வந்து அவரிடம் சொல்லத்தான் போகிறேன், இனி வருகிற அம்மாக்களுக்காவது அந்த வார்த்தையைப் பிரித்துச் சொல்லட்டும். ஆனால் சந்தேகப்பட்டது டாக்டர் இல்லை, நான். மனதில் வைத்துக்கொள்ளாதே என்று உன் அண்ணனிடம் சொல்லியனுப்பினேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வைத்துக்கொள். எத்தனை நாளானாலும் வைத்துக்கொள்.

கண்டா, இனி உனக்கு. நேற்று ஸ்கூலுக்கு லீவு நீட்டி வாட்ஸாப்பில் எழுதி அனுப்பினேன். சொந்தக் காரணம் என்று எழுதுவதுதான் ஆபீசில் வழக்கம். நான், மகளுக்குச் சினைப்பைக் கட்டி ஆபரேஷன் என்று முழுசாக எழுதினேன், மலையாளத்தில். ஹெட்மாஸ்டர் ராஜமணி சார் ஃபோனில் கூப்பிட்டு, "டீச்சர்மார் வாயிக்கும், இத்ரயும் வேணோ?" என்று கேட்டார். டீச்சர்கள் படிக்கட்டும், இவ்வளவும் வேண்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலி போய் ரயில் பிடித்து, நேராகக் கழக்கூட்டம் வருகிறேன். ப்ரியா கதவைத் திறக்கமாட்டேன் என்றால் திறக்கவேண்டாம். படியில் உட்கார்ந்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்து நான் கேட்கவேண்டும் என்றாளாமே. கேட்க வேறு ஒன்றும் இல்லை என்னிடம். வலிக்கிறதா என்று மட்டும் கேட்பேன். உன்னிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறாள், என்னிடம் என்ன சொல்கிறாள் என்று பார்க்கிறேன்.

கண்டா, திங்கட்கிழமை காலையில் நீ போய்த் தேதி வாங்கு. இரண்டு பக்கமும் எடுக்கச் சொல். அவள் என்னோடு பேசாமல் இருக்கட்டும், சண்டை போடட்டும், வருஷக்கணக்கில் போடட்டும். அதற்கு அவள் இருக்கவேண்டும்.

அம்மா